குமிழின் ‘கிளிக்’

1972-இல் டெக்ட்ரானிக்ஸ் கொண்டுவந்த 465 ஆசிலாஸ்கோப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் நேர அளவுக் குமிழ். 1, 2, 5 என்று ஏறும் வரிசை. படிக்குப் படி விரலுக்கே கேட்கும் ஒரு ‘கிளிக்’.

அந்தக் குமிழ் ஒருநாள் சத்தமின்றி வழுக்கிச் சுற்றினால் பதற வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, குமிழைக் கழற்றி, தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள். ‘கிளிக்’ உயிரோடு இருந்தால் சுவிட்ச் நலம். குமிழின் பக்கவாட்டுத் திருகாணி தளர்ந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் விரிசல் விட்டிருக்கும். திருகாணிக்கு 1/16 அங்குல ஆலன் சாவியே வேண்டும், 1.5 மில்லிமீட்டர் சாவி பொருந்துவதுபோல் இருந்து, அறுகோணக் குழியை மழுங்கடித்துவிடும். விரிசலுக்கு எபாக்ஸி தடவி ஒரு நாள் இறுக விடுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஒரு படி தவறினாலும் அளவெல்லாம் பொய். கருவியே தரும் சுமார் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைத் திரையில் பாருங்கள். குமிழ் 1 மில்லிசெகண்ட் என்று காட்டினால், கட்டத்துக்கு ஓர் அலை நிற்க வேண்டும். நின்றுவிட்டால் நிம்மதி.

சின்னக் குமிழைக் காப்பாற்றினால், அந்தக் கருவியின் வாக்கையும் காப்பாற்றியதாகும்.