லாரி ஒரு தடவை, பஸ் தினமும்

மலேசியத் தமிழ்க் கதைகளைக் கொஞ்சம் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு அந்த லாரியைத் தெரிந்திருக்கும். லயத்து வாசலில் வந்து நிற்கும். கட்டில், சாமிப் படம், அம்மிக்கல், கோழிக்கூடு எல்லாம் ஏறும். பாட்டி மட்டும் ஏறமாட்டேன் என்பார். நாய் கொஞ்ச தூரம் பின்னால் ஓடிவந்து நின்றுவிடும். எந்தக் கதையில் வருகிறது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. பத்துப் பதினைந்து கதைகள் சேர்ந்து மண்டைக்குள் ஒரே காட்சியாகிவிட்டன.

லாரிமேல் எனக்குக் கோபமில்லை. அது நடந்ததுதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரப் பலகை வந்தபோது குடும்பங்கள் அப்படித்தான் கிளம்பின. ஆனால் லாரி வருவதற்குப் பல வருஷம் முன்பிருந்தே அதே லயத்துக்கு வெளியே, இருட்டு விலகும் முன்னால், ஒரு பஸ் வந்து நின்றுகொண்டிருந்தது. அந்த பஸ் ஏன் கதைக்குள் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

கிலாங் பஸ்ஸைச் சொல்கிறேன். 1970களில் சுங்கை வே மாதிரி இடங்களில் எலக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வந்தன. ஜப்பான், அமெரிக்கக் கம்பெனிகள். அவற்றுக்கு விரல் வேகமும் கண் கூர்மையும் உள்ள இளம்பெண்கள் வேண்டியிருந்தார்கள். கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் அவர்களை அள்ளிப்போக பஸ் விட்டார்கள். மலாய்க் கம்பத்துப் பெண்கள் தொழிற்சாலைக்குப் போன கதையை ஐவா ஓங் என்ற மானுடவியலாளர் கோல லங்காட்டில் தங்கி ஆராய்ந்து 1987இல் ஒரு புத்தகமாக எழுதினார். மைக்ரோஸ்கோப்பில் பேய் தெரிந்து அலறிய பெண்களைப் பற்றி அதில் வருகிறது. படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன், "உங்க லைன்லயும் அப்படி நடந்துச்சாம்மா?" "நடக்காமயா? ரெண்டு தடவ. பேய் வந்த அன்னிக்குச் சீக்கிரமா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பஸ்ஸெல்லாம் ஒரே சிரிப்பு."

அம்மா பதினெட்டு வயதில் அந்த பஸ்ஸில் ஏறினார். ஈஜோக் பக்கத்துத் தோட்டம். காலை ஷிஃப்ட் என்றால் நாலே முக்காலுக்கு பஸ். ரெண்டு வருஷம் முன்பு அவரிடம் ஒரு தோட்ட நாவலைப் படிக்கக் கொடுத்தேன். நல்ல நாவல், பெயர் வேண்டாம். மூன்று நாளில் முடித்துவிட்டார். பால்மரம் வெட்டுவது, மங்கு துடைப்பது, தண்டல் திட்டுவது எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு, "இது எங்க அம்மா கதைடா. நான் எங்க மரம் வெட்டுனேன்? நான் சிப்புக்குக் கம்பி ஒட்டுனேன். இதுல பஸ்ஸே வரலியே?" என்றார்.

நான் இதுவரை கேட்ட விமர்சனங்களில் மிகச் சரியானது அதுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த பஸ் தோட்ட வாழ்க்கையின் ஓரத்தில் ஓடியது கிடையாது, நட்டநடுவில் ஓடியது. கணக்கைப் பாருங்கள். லயத்து வீடு கம்பெனி வீடு. குடும்பத்தில் யாராவது ஒருவர் பெரட்டுக்குப் போகிற வரைதான் அந்த வீடு. தாத்தா மரம் வெட்டியதால் வீடு இருந்தது. வீடு இருந்ததால் அம்மா வாடகை இல்லாமல் தொழிற்சாலைக்குப் போக முடிந்தது. அம்மாவின் சம்பளத்தில் மாமா படித்தார், கூட்டுக்கட்டு கட்டி தைப்பிங் பக்கம் ஒரு கல்யாணம் நடந்தது, டிவி வந்தது. ஒரே வீட்டுக்குள் ரெண்டு கடிகாரம் ஓடியது. பெரட்டு மணி ஒன்று, பஸ் ஹார்ன் ஒன்று. தாத்தா ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அப்போதுதான் லாரி வருகிறது. நம் கதைகள் லாரியில் தொடங்குகின்றன, அல்லது லாரியில் முடிகின்றன. அதுவரை அந்த வீட்டைத் தாங்கிய ஏற்பாடு வாசகருக்குத் தெரியாமலே போகிறது. தெரியாததால் கம்பெனிக்காரன் ஒரு நாள் திடீரென்று வில்லனாகிறான், தொழிலாளி திடீரென்று அனாதையாகிறார்.

அந்த அனாதைத்தனம் பொய் என்று சொல்லவரவில்லை. எங்கள் பக்கத்திலேயே, முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்றிருந்து 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆன வட்டாரத்தில், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள், 245 குடும்பங்கள், வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்கள். அத்தனை வருஷமும் அந்த வீடுகளின் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? தினமும் வேலைக்குப் போய் வந்தார்கள். ஒரு விஷயத்தை யாராவது எழுதியே ஆக வேண்டும்: புக்கிட் தாகாரில் பெரிய குப்பை நிலம் இருக்கிறது. கோலாலம்பூரின் குப்பை தினமும் லாரியில் அங்கே வருகிறது. ஆட்கள் எதிர்த்திசையில் நகரத்துக்குப் போகிறார்கள். நானாக யோசித்து இப்படி ஒரு குறியீட்டை வைத்திருந்தால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

நம் படைப்புகளுக்கு வருகிறேன். தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) எனக்குப் பிடித்த படம். 1960களின் தோட்டம், பல்கலைக்கழகத்துக்குப் போக ஆசைப்படும் பெண். அதில் சாலை என்பது வெளியே போகிற ஆசை. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' (2015) தோட்டத்துக்குப் பிறகு வந்த புறம்போக்குக் குடியிருப்பைக் காட்டியது. அப்போய் என்ற அந்தப் பையனை மறக்க முடியாது. ம. நவீனின் 'பேய்ச்சி' கெடா தோட்டத்துக்குள் போகிறது, 'சிகண்டி' சௌக்கிட்டின் சந்துகளுக்குள் போகிறது. ரெண்டையும் ஒரே ஆள்தான் எழுதினார் என்பதே எனக்கு ஆச்சரியம். ஆனால் இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டம் இருக்கிறது. நகரம் இருக்கிறது. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். காலையில் போய் ராத்திரி திரும்புகிறவர் இல்லை. ஒருமுறை கிளம்பினால் திரும்பி வராதவர்கள்தான் நமக்குக் கதாபாத்திரம்.

இதற்கு வடிவம் சார்ந்த காரணம் ஒன்று உண்டு. போய்விடுவது ஒரு சம்பவம். போய்ப் போய் வருவது சம்பவமே இல்லை. நேற்று நடந்தது இன்றும் நடக்கிறது, நாளையும் நடக்கும். கதைக்கு அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? நானே ரெண்டு தடவை எழுத முயன்று விட்டுவிட்டேன். ரெண்டிலும் நாலாவது பக்கத்தில் ஓர் ஆக்சிடென்ட் வந்தது. வேறு எதை வைத்து முடிப்பது என்று தெரியாமல் ஓர் ஆளைச் சாகடித்தேன்.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எப்படித் தொடங்குகிறது என்று ஞாபகம் இருக்கிறதா? கடவுள் வருவதற்கு முன்னால் பிள்ளைவாள் சென்னையில் தெரு முனையில் நின்று வீட்டுக்குப் போகிற செலவைக் கணக்குப் போடுகிறார். டிராம் என்றால் இவ்வளவு, மிச்சத்துக்கு வெற்றிலை. பஸ் என்றால் கண்டக்டரை ஏமாற்றினால் காப்பி, ஆனால் வெற்றிலை போச்சு. எல்லாரும் அந்தக் கதையில் கடவுளைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்குதான் முக்கியம். ஒரு மனிதனின் சம்பளம், சபலம், வீடு திரும்புவதில் உள்ள அலுப்பு எல்லாம் நாலு வரியில் வந்துவிடுகிறது. ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேச'மும் மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கல்லூரிப் பெண்களிடம்தான் தொடங்குகிறது. அங்கே பஸ் வருவதற்குள் கார் வந்துவிடுகிறது, கதை காரோடு போய்விடுகிறது. பஸ் கிடைத்து வீட்டுக்குப் போன பெண்களுக்கு என்ன ஆச்சு என்று யாரும் கேட்பதில்லை.

கந்தசாமிப் பிள்ளையின் கணக்கை இன்றைக்கு நாங்கள் போடுகிறோம். புக்கிட் ரோத்தானிலிருந்து கோலாலம்பூர் அறுபது கிலோமீட்டர் சொச்சம். 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்தார்கள், ஈஜோக்கிலிருந்து டெம்ப்ளர் பார்க் வரை 33 கிலோமீட்டர். அதில் போனால் நேரம் மிச்சம், டோல் செலவு. பழைய ரோட்டில் சுங்கை பூலோவுக்குப் போனால் டோல் இல்லை, மண் லாரிக்கும் செம்பனைக் குலை லாரிக்கும் பின்னால் ஊர வேண்டும். சுங்கை பூலோவில் காரைப் போட்டுவிட்டு எம்ஆர்டி ஏறலாம், ஆறு மணிக்குள் போனால்தான் பார்க்கிங். மோட்டாரில் போனால் டோலே கிடையாது, ஆனால் மழை. இந்தக் கணக்கில் வெற்றிலைக்குப் பதில் தூக்கம். எதை விட்டால் எத்தனை நிமிஷம் தூங்கலாம் என்பதுதான் எங்கள் வட்டாரத்தின் பொருளாதாரம். சனி ஞாயிறில் அதே ரோட்டில் நகரத்துக்காரர்கள் எதிரே வருவார்கள், பாசிர் பெனாம்பாங்கில் மீன் சாப்பிடவும் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கவும். எங்கள் ஊர் அவர்களுக்கு இயற்கை. எனக்கு அது பெரும்பாலும் இருட்டு. போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. வாரநாளில் என் ஊரின் பகல் வெளிச்சத்தை நான் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணத்தைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். நம் நாட்டில் நல்லா எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். அது நம் இலக்கியத்தின் அதிர்ஷ்டமும்கூட. தமிழ்ப்பள்ளி இல்லாவிட்டால் இங்கே தமிழில் எழுத ஆளே இருந்திருக்காது. ஆனால் ஆசிரியரின் நாள் மதியத்தில் முடிகிறது. அவர் தோட்டத்தைப் பார்ப்பது வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை வழியாக. அந்தப் பிள்ளையின் அம்மா ராத்திரி எட்டரைக்கு பஸ்ஸிலிருந்து இறங்குவது அவர் கண்ணில் படாது. ஆசிரியர் கதையில் அந்த அம்மா 'பிள்ளையைக் கவனிக்காத பெற்றோர்' ஆகிவிடுகிறார். பரிசு வாங்கிய ஒரு சிறுகதையில் அப்படி ஒரு அம்மாவைப் படித்தேன். கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அந்த அம்மா எழுதியிருக்க வேண்டும், அவருக்கு எழுத நேரமில்லை. பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் எப்படி எழுதுவது? எனக்கு வழி காட்டியவர் பிரெஞ்சுக்காரர். 2022இல் நோபல் வாங்கிய அன்னி எர்னோ பாரிசுக்கு வெளியே செர்ஜி என்ற புது நகரத்தில் குடியிருந்தார். அங்கிருந்து பாரிசுக்கு ரயிலில் போய் வந்தார். ரயிலில், சூப்பர் மார்க்கெட்டில், பார்க்கிங்கில் கண்டதையெல்லாம் துண்டு துண்டாக எழுதி 1993இல் புத்தகமாக்கினார். கதை கிடையாது. ஓர் ஆள் நகம் வெட்டுகிறான், ரெண்டு பெண்கள் பேசுகிறார்கள், கல்லாப்பெட்டிப் பெண் முகத்தைச் சுளிக்கிறாள். தன்னைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை, ஆனால் படிக்கப் படிக்க அவர் எந்த வகுப்பிலிருந்து மேலே ஏறி வந்தவர், அந்தக் கல்லாப்பெட்டிப் பெண்ணைப் பார்த்து ஏன் கூச்சப்படுகிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. யாரையும் சாகடிக்கத் தேவை வரவில்லை. தமிழில் இதைச் செய்தால் 'இது சிறுகதையா, டைரியா' என்று முதல் கேள்வி வரும். வரட்டும். போட்டிக்கு அனுப்பாவிட்டால் போச்சு.

ஆனால் எர்னோவிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அவர் ரயிலில் அந்நியர்களைப் பார்க்கிறார். கிலாங் பஸ்ஸில் அந்நியர் கிடையாது. இருபது வருஷம் அதே சீட், அதே பக்கத்து ஆள். பஸ்ஸுக்குள் கூட்டுக்கட்டு நடந்தது, வளைகாப்புக்கு வளையல் போட்டார்கள், ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் பண்ண எல்லாரும் சேர்ந்து பணம் போட்டார்கள். அ. ரெங்கசாமி லங்காட் நதிக்கரைக்கு ஒரு நாவல் எழுதினார். சிலாங்கூர் ஆற்றோரத்துக்கு எழுதப்போகிறவர் அந்த பஸ்ஸிலிருந்து தொடங்கலாம்.

நானும் நடுவில் கெப்போங்கில் ஒரு ரூம் எடுத்து ஆறு மாசம் இருந்தேன். தூக்கம் கிடைத்தது. அம்மா தனியாக இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். இதில் தியாகமெல்லாம் இல்லை, வாடகையும் ஒரு காரணம்.

போன வாரம் அம்மாவிடம் அவர் பஸ்ஸின் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்லச் சொல்லிப் போனில் எழுதினேன். எந்தத் தோட்டம், எத்தனை பேர், யார் எந்தப் பக்கம் உட்காருவார், யாருக்கு வாந்தி வரும், கண்ணை மூடிக்கொண்டே எந்த வளைவு என்று எப்படித் தெரியும், எல்லாம் சொன்னார். ஆயக்கொட்டகைக்குப் பக்கத்து ஸ்டாப்பில் ஏறுகிற அக்கா பெயர் மட்டும் வரவில்லை. "ஜன்னல் சீட்டு. தினமும் ஈரத் தலையோட ஏறும். பேரு வாய் நுனில இருக்கு. படுத்தா வந்துரும், நாளைக்குச் சொல்றேன்" என்றார்.