மன்னார் அண்ட் கம்பெனிக்காரர்

கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே சிரிப்பு வரவைக்கும் நடிகர்கள் தமிழ் சினிமாவில் அதிகம் இல்லை. நாகேஷைக் கண்ணை மூடிக்கொண்டு ரசித்தால் பாதி போய்விடும். சந்திரபாபுவிடம் பாதிக்கும் மேலே போய்விடும். கே. ஏ. தங்கவேலுவை ரேடியோவில் கேட்டால் அநேகமாக ஒன்றும் குறையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியில் ஒலிச்சித்திரம் ஓடிய காலத்தில், அந்த ஒரு மணி நேரத்தில் அவர் குரல் வந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் வேலையை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். முகத்தைப் பார்த்தால் கோணல் கிடையாது, விசித்திரம் கிடையாது. தாலுகா ஆபீசில் இரண்டாவது மேஜையில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவின் முகம். அத்தனை வித்தையும் தொண்டையில் இருந்தது.

பெயரில் உள்ள 'கே' காரைக்கால், 'ஏ' அருணாசலம். பிறந்தது 1917 ஜனவரி 15, திருமலைராயன்பட்டினத்தில். காரைக்காலிலிருந்து நாகூர் போகும் வழியில் வரும் ஊர். பஸ்ஸில் 'டி.ஆர். பட்டினம்' என்பார்கள், ஊர்க்காரர்களுக்கு வெறும் 'பட்டினம்'. அப்போது அது பிரெஞ்சு மண். ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் பிரிட்டிஷ் தஞ்சாவூர் ஜில்லா. கொடி வேறாக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். கீழத்தஞ்சைக் குசும்புக்குப் பாஸ்போர்ட் கேட்டவன் யாருமில்லை. 1954 நவம்பரில் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்தபோது தங்கவேலு சென்னையில் கை நிறையப் படம் வைத்திருந்தார்.

வாய்ப்பேச்சால் பேர் எடுத்தவர்கள் பட்டினத்துக்குப் புதிதல்ல. திருமலைராயன் சபையில் அதிமதுரகவியோடு மோதிய காளமேகம் இந்த ஊர்க் கதைதான். யமகண்டம் பாடி ஜெயித்தும் தனக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, ஊரின் மேல் மண்மாரி பொழியட்டும் என்று சபித்துப் பாடிவிட்டுப் போனாராம். இன்றைக்கும் இங்கே எங்காவது மணல்மேட்டைப் பார்த்தால் பழி அவர் தலையில்தான் விழும். காளமேகத்துக்கும் தங்கவேலுவுக்கும் பரம்பரை கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் சொன்னதற்குள் சொல்லாததை ஒளித்துவைத்துவிட்டு, தான் ஒன்றுமே செய்யாதவன்போல் நிற்கும் சாமர்த்தியம் இந்தப் பக்கத்துத் திண்ணைகளில் சும்மா கிடைக்கிற படிப்பு. அவருக்கும் அது கிடைத்திருக்கும்.

மீதியை நாடகக் கம்பெனி கொடுத்தது. சின்ன வயதிலேயே மேடைக்குப் போய்விட்டவர். மைக் இல்லாத கொட்டகை. கடைசியில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கும் வார்த்தை போய்ச் சேர வேண்டும், ஆனால் கத்துவதாகத் தெரியக்கூடாது. அந்தக் காலத்து மேடைப் பையன்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. பலர் சினிமாவுக்கு வந்த பிறகும் கத்திக்கொண்டே இருந்தார்கள். தங்கவேலு சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். தெளிவை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஒரு ளகரமோ ழகரமோ நழுவாது.

முதல் படம் 1936இல் வந்த 'சதிலீலாவதி'. எஸ். எஸ். வாசன் கதை, டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். தமிழ் தெரியாத டைரக்டரிடம், பேச்சையே நம்பிப் பிழைக்கப்போகிற ஒரு பையன் முதல்முதலாகக் காமிரா முன் நின்றிருக்கிறார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் அதில் இருந்தார். எம்.ஜி.ஆர்., டி. எஸ். பாலையா இருவருக்கும் அதுதான் முதல் படம். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் மாதிரி. கதை குடியின் கேட்டைச் சொல்வது. அதில் நடிக்கப் போனவர்களில் ஒருவர் காரைக்கால்காரர் என்று வெளியூர் நண்பர்களிடம் சொன்னால், படத்தின் காமெடியே அதுதான் என்பார்கள்.

அந்த வகுப்பில் கலைவாணர் சீக்கிரம் மேலே போனார். எம்.ஜி.ஆர். கதாநாயகனாகப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். தங்கவேலுவுக்குப் பதினைந்து வருஷம் ஆனது. 1951இல் 'சிங்காரி' வந்தது. அதில் பேச்சுக்குப் பேச்சு 'டணால்' என்று சொல்கிற பாத்திரம். படம் மறந்துவிட்டது, சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது: 'டணால்' தங்கவேலு. ஒரு நடிகருக்கு உருவத்தையோ வேடத்தையோ வைத்துப் பட்டப்பெயர் வருவது வழக்கம். இவருக்கு ஒரு சத்தத்தை வைத்து வந்தது, பொருத்தமாகத்தான்.

அவர் சிகரம் என்று நான் நினைப்பது 1959இல் வந்த 'கல்யாணப் பரிசு'. ஸ்ரீதர் டைரக்ட் செய்த முதல் படம். கதை முழுக்கக் கண்ணீர்: அக்காவும் தங்கையும் ஒரே ஆளைக் காதலிக்கிறார்கள், தங்கை விட்டுக்கொடுக்கிறாள். நடுவே ஸ்ரீதரின் பால்ய நண்பர் கோபு எழுதிய நகைச்சுவைப் பகுதி. அதில் தங்கவேலு பைரவன். வேலை வெட்டி கிடையாது. மனைவியிடம் மன்னார் அண்ட் கம்பெனியில் வேலை என்று சொல்லிவைத்திருக்கிறான். போதாததற்கு, பெரிய எழுத்தாளன் என்றும்.

பொய் சொல்கிறவனை நடிக்கச் சொன்னால் சாதாரண நடிகர் என்ன செய்வார்? கண்ணை உருட்டுவார், எச்சில் விழுங்குவார், "இவன் பொய் சொல்கிறான் பாருங்கள்" என்று நமக்கு ஜாடை காட்டுவார். தங்கவேலு அந்தச் சலுகையை நமக்குத் தருவதில்லை. பைரவன் தன் பொய்யில் முதலீடு போட்டவன். மனைவி ஒரு கேள்வி கேட்டால் திணறமாட்டான். ஒரு உத்தியோகஸ்தனை அற்ப விஷயத்துக்குத் தொந்தரவு செய்கிறாளே என்று அலுத்துக்கொள்வான். அந்த அலுப்பில்தான் பொய் நிமிர்ந்து நிற்கிறது. குரல் கொஞ்சம் கனத்து, வாக்கியத்தின் கடைசிச் சொல்லை இழுத்து இறக்கி வைப்பார். அடுத்த கேள்வி வந்தால் ஒரு அரை நொடி மௌனம். அந்த அரை நொடியில் மூளைக்குள் அவசரமாக ஒரு அலுவலகம் கட்டப்படுகிறது, நாற்காலி போடப்படுகிறது, முதலாளி உட்கார வைக்கப்படுகிறார். பிறகு பதில் வருகிறது, நாலு வருஷமாக அங்கேயே வேலை பார்த்தவன் சொல்கிற மாதிரி.

இப்படி மௌனத்தை வைத்துச் சிரிக்கவைத்த இன்னொருவர் அமெரிக்க ரேடியோவில் கொடிகட்டிப் பறந்த ஜாக் பென்னி. கஞ்சனாக நடித்துப் பேர் வாங்கியவர். வழிப்பறிக்காரன் "பணமா, உயிரா?" என்று கேட்க, பென்னி பதிலே சொல்லாமல் யோசிப்பார். ரேடியோவில் அந்த யோசனை வெறும் நிசப்தம். அதற்கே அரங்கம் அதிர்ந்தது. தங்கவேலு அவரைக் கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. வட்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளேயிருந்து வரும் அந்த அரை நொடி மௌனம் நம் தெருக்களுக்கும் பழக்கம்தான்.

வேலையில்லாதவன் காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினால் "மன்னார் அண்ட் கம்பெனிக்கா?" என்று கேட்கும் வழக்கம் அந்தப் படத்திலிருந்து வந்தது. படத்தையே பார்க்காத பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள். பைரவனின் மனைவியாக நடித்த எம். சரோஜா பிறகு நிஜத்திலும் தங்கவேலுவின் மனைவியானார்.

அடுத்தது 1963இன் 'அறிவாளி'. சிவாஜியும் பானுமதியும் நடித்த படம், ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரிக் கதை. இன்று பலருக்கு அது ஒரே ஒரு காட்சிக்காக நினைவிருக்கிறது: பூரி சுடுவது எப்படி. எங்கள் காரைக்கால் அம்மையாரின் புராணமே ஒரு கணவன், ஒரு மனைவி, சாப்பாட்டு இலை என்றுதான் ஆரம்பிக்கிறது. அங்கே மாம்பழம், இங்கே பூரி. மனைவி டி. பி. முத்துலட்சுமிக்குப் பூரி செய்யத் தெரியாது, தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார். கணவன் ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்ல, "அதான் எனக்குத் தெரியுமே" என்று பதில் வருகிறது. அடுத்த படிக்கு மறுபடியும் கணவன் வாயையே பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காட்சியை எழுத்தில் படித்தால் மிகச் சாதாரணம். ஒரே பதில், திரும்பத் திரும்ப. தங்கவேலு என்ன செய்கிறார் என்றால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் சூடேறுகிறார். முதல் தடவை அந்தப் பதில் காதில் விழாததுபோல் தொடர்கிறார். பிறகு விழுந்ததாகத் தெரிகிறது, ஆனால் வாத்தியார் பொறுமை இன்னும் கலையவில்லை. அதன் பிறகு பொறுமை இருக்கிறது, அன்பு போய்விட்டது. எரிச்சலை முதல் தடவையே காட்டியிருந்தால் காட்சி அங்கேயே முடிந்திருக்கும். அடுப்பில் எண்ணெய் காய்வதற்கு ஆகும் நேரத்தை அப்படியே குரலில் வைத்திருக்கிறார்.

இரண்டு படங்களில் மட்டும் நின்றுவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். 'மிஸ்ஸியம்மா' 1955இல் தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. துப்பறியும் இளைஞன் வேடத்தைத் தெலுங்கில் செய்தவர் நாகேஸ்வர ராவ், அங்கே பெரிய கதாநாயகர். தமிழில் அதைத் தங்கவேலுவிடம் கொடுத்தார்கள், படம் எங்கும் சாயவில்லை. அடுத்த வருஷம் 'ரம்பையின் காதல்' படத்தில் பானுமதிக்கு ஜோடியாகக் கதாநாயகனே ஆனார். 1960இன் 'அடுத்த வீட்டுப் பெண்' படத்தில் பாடத் தெரியாத டி. ஆர். ராமச்சந்திரன் வாயசைக்க, மறைவில் இருந்து பாட்டை இரவல் கொடுக்கும் நண்பர் இவர்தான். திரையில் தங்கவேலு குரல் கொடுக்க, தங்கவேலுவுக்கு பி. பி. ஸ்ரீனிவாஸ் குரல் கொடுக்க, இரவலுக்கு மேல் இரவல்! இதே வங்காளக் கதை 1968இல் இந்தியில் 'படோசன்' ஆனபோது அந்த நண்பன் வேடம் கிஷோர் குமாருக்குப் போனது. கிஷோர் குதித்துத் தள்ளிவிடுவார். தங்கவேலு உட்கார்ந்த இடத்திலேயே வேலையை முடித்திருப்பார். எனக்கு இரண்டும் பிடிக்கும்.

குறையும் உண்டு. வசனம் சப்பையாக இருந்தால் அவரால் படத்தைக் காப்பாற்ற முடியாது. உடம்பைத் தூக்கி எறிந்து சிரிப்பு வாங்குகிற வழி அவரிடம் இல்லை. பல படங்களில் டைரக்டர்கள் அவர் பேர் தரும் தைரியத்தில் காட்சியை எழுதாமலே விட்டுவிட்டதும் தெரிகிறது. அதற்குள் நாகேஷ் வந்துவிட்டார். அதே ஸ்ரீதர், அதே கோபு, 1964இல் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தபோது கதை சொல்லி மிரட்டுவது நாகேஷ். கேட்டு நடுங்குவது தங்கவேலுவின் 1936ஆம் வருஷத்துச் சகபாடி பாலையா. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் நாகேஷும் தங்கவேலுவும் இருக்கிறார்கள். காலம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அதைப் பார்த்தாலே தெரியும். 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்தபோது மோகனாவின் குழுவில் நட்டுவனாராக வருகிறார். வேடம் சின்னதுதான், ஆனால் டெல்டாவின் ஆட்டக் குழுக்களைப் பார்த்து வளர்ந்த மண்ணின் ஆள் என்பதால் அந்த ஜமாவில் அவர் மட்டும் நடிக்க வந்தவர்போல் தோன்றமாட்டார்.

1994 செப்டம்பர் 28இல் காலமானார். அவர் காமெடியை இன்று துண்டு துண்டாக யூடியூபில் போடுகிறவர்கள் மேலே தங்கவேலு பெயரை மட்டும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தம். பூரிக் காட்சியை மறுபடி போட்டு, இந்தத் தடவை தங்கவேலுவை விட்டுவிட்டு முத்துலட்சுமியை மட்டும் கவனியுங்கள். "அதான் எனக்குத் தெரியுமே" என்பதை அவர் எந்த இடத்திலும் சண்டையாகச் சொல்வதில்லை. நிஜமாகவே தெரிந்தவள் போல நிம்மதியாகச் சொல்கிறார். அந்த நிம்மதி இல்லாவிட்டால் தங்கவேலுவுக்குச் சூடேற வழியே கிடையாது. 'கல்யாணப் பரிசு'விலும் சரோஜாவின் நம்பிக்கைதான் பைரவனின் பொய்க்கு முட்டுக்கொடுக்கிறது. தலைப்பில் இரண்டு பேர் பெயரும் போட வேண்டும்.