கற்பகதரு என்னும் உவமை: பனைப் புகழ்ச்சி பற்றிய ஒரு மறுநோக்கு

பனையைக் கற்பகதரு என்று போற்றுதல் நம்மவர்க்குப் பழகிப்போன வழக்கு. விழா மேடைகளில் அது மறுப்பின்றி ஒலிக்கின்றது. இவ்வுவமை பொருத்தமுடையதுதானா என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

கற்பகம் நினைத்த மாத்திரத்திற் கொடுப்பது. பனை அவ்வாறு கொடுப்பதன்று. பழம் தானாக விழும் என்பது மெய்யே. ஆயின் அதனைப் பிசைந்து களியெடுத்துப் பாயிற் பரவி, காயக் காய மேலும் மேலும் பூசிய பின்னரே பனாட்டுக் கிடைக்கும். விதையைப் பாத்தியிலிட்டு, முளைத்த கிழங்கைக் கிண்டி, பிளந்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு வடித்துக் கைப்பை நீக்காமற் கூழ் காய்ச்சுவாரில்லை. முட்டியினுள்ளே சுண்ணாம்பு பூசினாற்றான் கருப்பநீர், பூசாதுவிடின் கள். தளைநாரைக் காலிற் கொளுவி நாள்தோறும் ஏறிப் பாளை சீவுபவனில்லையேல் இரண்டுமேயில்லை.

பண்டை இலக்கியம் பனையை வேறு கண்கொண்டு நோக்கியது. சேரர்க்கு அது குடிப்பூ. மடலேறும் தலைவனுக்குக் கருக்கு மட்டையாலான குதிரை. வள்ளுவர்க்குத் தினையோடு வைத்தெண்ணும் பேரளவை. பயன்களைத் தொகுத்துப் பாடும் போக்குப் பிற்காலத்தது. எண்ணூற்றொரு பயன்களைக் கூறுவதாகச் சொல்லப்படும் பழைய தாலவிலாசமும், அப்பெயரிலேயே நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆக்கிய நூலும் இவ்வகையின. இத்தகைய முயற்சிகளின் அருமையை மறுப்பதற்கில்லை. எனினும் அவற்றின் நிழலில் வளர்ந்த நமது மேடைத் தமிழில் ஒரு பழுது உண்டு. அங்கே எப்பொழுதும் மரமே எழுவாய்: பனை தந்தது, பனை அளித்தது, பனை காத்தது. உழைத்தவனுக்கு வாக்கியத்தில் இடமில்லை.

புலவரின் ஆடிப்பிறப்புப் பாடல் இவ்வகையில் மேலானதென்பது என் கருத்து. சிறுவர் பாடலென்று அதனை ஒதுக்கிவிடுதல் தவறு. அங்கே பயறு வறுபடுகின்றது, அரிசி இடிபடுகின்றது, அம்மா கூழ் காய்ச்சுகின்றாள். உணவு பொருளாக வந்திறங்காமல் செயலாக நிகழ்கின்றது. பட்டியல் கவிதையாவது இவ்வினைச் சொற்களினாலேயே. ஆயினும் பனங்கட்டி மட்டும் ஆயத்தமாகவே வந்து சேர்கின்றது. வீட்டினுள்ளே தொழிற்பட்ட கைகளைப் பாடல் கண்டது. வேலிக்கு வெளியே மரமேறிய கால்களைக் காணவில்லை. இதனைப் புலவரின் தனிக் குறையெனக் கொள்ளுதல் நேர்மையன்று. அவர் காலத்து யாழ்ப்பாணத்தின் வேலி அத்தகையது. அவ்வேலியின் மறுபுறத்து வாழ்வைப் பஞ்சமர் போன்ற நாவல்களிலே கே. டானியல் எழுதும்வரை நமது இலக்கியம் பெரிதும் காத்திருந்தது.

இதனை எழுதுபவன் பாளை சீவிய ஒருவரின் பேரன். அவருடைய மார்பிலும் முழங்காலின் உட்புறத்திலும் மரம் உராய்ந்த காய்ப்பு இருந்தது. அப்பாடலை நாங்கள் வகுப்பிற் பாடியபொழுது பனங்கட்டி எங்கிருந்து வந்ததென எவரும் கேட்டிலர். எனக்குத் தெரிந்திருந்தது. நானும் சொல்லவில்லை.