டஸ்டரின் ‘கடகட’: ஷாக் அப்சார்பர் மேல் பழி போடுமுன்

2012 ஜூலையில் விற்பனைக்கு வந்த ரெனால்ட் டஸ்டர் காஞ்சிபுரத்துக்கு அயலூர் வண்டியல்ல. வாலாஜாபாத்தைத் தாண்டினால் வரும் ஒரகடம் ஆலையில் பிறந்து, 2022-ல் உற்பத்தி நிற்கும்வரை அங்கிருந்துதான் நாடெங்கும் போனது. 205 மி.மீ. தரை இடைவெளியும், 16 அங்குலச் சக்கரமும், குழியைக் குழியென்று காட்டாத சஸ்பென்ஷனும் அதற்குப் பேர் வாங்கிக் கொடுத்தன. பத்து வயதைத் தாண்டிய டஸ்டர் இன்று கைமாறும்போது எழும் புகாரும் அதே சஸ்பென்ஷனைப் பற்றியதுதான்: முன்பக்கம் ‘கடகட’. கேட்டதும் சொல்லப்படும் தீர்ப்பு, “ஷாக் போயிடுச்சு, நாலையும் மாத்திடலாம்.” இது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு. சத்தம் ஒரு பாகத்தைப் பற்றிப் பேசுகிறது, துள்ளல் வேறொரு பாகத்தைப் பற்றிப் பேசுகிறது. இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்பதால்தான் பணம் வீணாகிறது.

வைகாசி கருட சேவையில் வரதராஜப் பெருமாளின் வாகனம் வருவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். தண்டு நெளிந்து கொடுப்பது ஸ்பிரிங்கின் வேலை. அதைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் முழங்காலை வளைத்து, அந்த நெளிவு துள்ளலாக மாறாமல் அடக்குவது ஷாக் அப்சார்பரின் வேலை. தோளுக்கும் தண்டுக்கும் நடுவே மடித்து வைத்த துணிதான் ரப்பர் புஷ். துணி நழுவினால் மரம் எலும்பில் இடிக்கும். முழங்கால் தளர்ந்தால் இடிக்காது, வாகனம் அலையும். டஸ்டரின் முன்பக்கத்தில் இந்த மூன்று வேலையும் ஒரே மூலையில் நெருக்கியடித்து நடக்கின்றன: ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட், அதன் தலையில் மவுண்ட், கீழே லோயர் ஆர்ம், அதில் புஷ்களும் பால் ஜாயிண்டும், இரு பக்கத்தையும் கட்டும் ஸ்டெபிலைசர் பார். எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதால் எந்தச் சத்தமும் ஷாக்கின் சத்தம் போலத்தான் காதில் விழும்.

அதைப் பிரித்துக் கேட்கத் தனிக் கருவி வேண்டாம், ஊர்ச் சாலையே போதும். தெரு முழுக்க அகலமாகப் போட்ட வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அப்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாது, அதன் லிங்க்குக்கும் வேலையில்லை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருவில் பள்ளமும் சாக்கடை மூடியும் மாறி மாறி வரும் இடத்தில் 15 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு சக்கரம் மட்டும் விழும், பார் முறுக்கும். வேகத்தடையில் ஊமையாகவும் இங்கே ‘கடகட’ என்றும் இருந்தால் முதல் சந்தேகம் லிங்க் மேலும், பாரைப் பிடிக்கும் ரப்பர் மேலும் விழ வேண்டும். பிரேக் போடும்போதோ ரிவர்ஸ் எடுக்கும்போதோ ஒரே ஒரு ‘டொக்’ வந்து, வண்டி ஒரு பக்கம் இழுத்தால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார்க்க வேண்டும். வண்டி நிற்கையில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்ட்டும் அதன் பேரிங்கும். இவற்றில் எதிலும் ஷாக்கின் எண்ணெய்க்குச் சம்பந்தமில்லை.

ஷாக்கைச் சோதிக்க வேறு சாலை வேண்டும். செவிலிமேடு பாலாற்றுப் பாலத்தின் இணைப்புகள் போல இரு சக்கரமும் சேர்ந்து தாண்டும் இடத்தில், வண்டி ஒருமுறை எழுந்து அடங்குகிறதா, இரண்டு மூன்று முறை ஊசலாடுகிறதா என்று பார்க்கலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை வேகத்தில் பின்பக்கம் மிதப்பது, பிரேக்கில் மூக்கு குத்துவது, டயரில் கிண்ணம் கிண்ணமாகத் தேய்மானம், ஷாக்கின் உடலில் ஈரமான எண்ணெய்க் கசிவு ஆகியவையே ஷாக்குக்கு எதிரான சாட்சிகள். பானெட்டை அமுக்கிவிட்டுப் பார்க்கும் பழைய சோதனை, முழுக்கச் செத்த ஷாக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். பாதி தளர்ந்தது அதில் தப்பிவிடும்.

சாலையில் எழுந்த சந்தேகத்தை ஜாக்கியில் உறுதி செய்ய வேண்டும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பால் ஜாயிண்டின் ஆட்டமும், இடம் வலமாகப் பிடித்து அசைத்தால் டை ராடின் ஆட்டமும் தெரியும். இரண்டு திசையிலும் ஆடினால் வீல் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். இங்கே பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கி, லிங்க்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த லிங்க் நல்லது போல நடிக்கும். அதைச் சோதிக்க இரு பக்கமும் சமமாகத் தூக்க வேண்டும், அல்லது நான்கு சக்கரமும் தரையில் இருக்க வேண்டும்.

“புது ஷாக் போட்டதும் சத்தம் நின்றதே?” என்று கேட்கலாம். நின்றிருக்கும். ஸ்ட்ரட்டைக் கழற்றினால் வழக்கமாக மவுண்ட்டும் புதிதாகிறது, சுற்றியுள்ள நட்டுகள் மறுபடி இறுகுகின்றன. நோய் தீர்ந்தது அவற்றால், பில் வந்தது ஷாக்கின் பெயரில். தவிர, பின்பக்க ஷாக்கின் அடிப்புஷ் தேய்ந்தாலும் தட்டும். அதையும் பார்த்துவிட்டுத்தான் ஷாக்கைத் தொட வேண்டும். “பழைய வண்டி, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றினால் கூலி மிச்சம்” என்ற வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஸ்ட்ரட்டை எப்படியும் இறக்கினால் மவுண்ட்டைச் சேர்த்து மாற்றுவது சரி, ஷாக்கை ஜோடியாக மாற்றுவதும் சரி. ஆனால் தேய்ந்த லோயர் ஆர்ம் புஷ்ஷை விட்டுவிட்டு ஷாக்கை மட்டும் புதிதாக்கினால் சக்கரத்தின் கோணம் நிலைக்காது, புது டயரையும் அது தின்னும். “சத்தம்தானே, ஓடுகிறவரை ஓடட்டும்” என்பவர்களுக்கு: சத்தத்தின் அளவு ஆபத்தின் அளவல்ல. ஊரைக் கூட்டும் லிங்க் சில வாரம் பொறுக்கும். அதிகம் பேசாத பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் அங்கேயே மடங்கும்.

ஆகவே பழைய டஸ்டரை வாங்கலாம். அதன் அடித்தளம் பழுதுபார்க்கத் தகுதியானது. சோதிக்கும் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் பால் ஜாயிண்ட், அடுத்து லோயர் ஆர்ம் புஷ், பிறகு லிங்க், மவுண்ட், கடைசியில் ஷாக். புது புஷ் போட்டால், சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை முழுக்க இறங்கிய பிறகே அதன் போல்ட்டை இறுதியாக முடுக்கச் சொல்லுங்கள். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கோடு உறைந்து, சீக்கிரமே கிழியும். முடுக்கிய பின் அலைன்மெண்ட் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.