பழத்தோலும் 96 குழித் தட்டும்

மாதுளைத் தோல், ஆரஞ்சுத் தோல், மங்குஸ்தான் ஓடு, வாழைத் தோல் என்று குப்பைக்குப் போகும் எதையும் புற்றுநோய் ஆய்வாளர்கள் விட்டுவைக்கவில்லை. செய்முறை ஏறக்குறைய ஒன்றேதான். தோலை உலர்த்திப் பொடித்து, எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து, வடிகட்டிச் சாற்றை இறுக்குவார்கள். 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் வளரும் புற்றுச் செல்கள்மீது அந்தச் சாற்றைப் பல அளவுகளில் விட்டு, ஓரிரு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக்கும். ஊதா குறைந்தால் செல் செத்துவிட்டதாகக் கணக்கு. 1983இல் டிம் மோஸ்மன் வெளியிட்ட இந்தச் சோதனை மலிவு, வேகம். சாதாரணக் கல்லூரி ஆய்வகத்துக்கும் கட்டுப்படியாகும்.

இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. நம் தென்மாவட்டங்களில் பயிராகும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் வந்தது. பசிபிக் யூ மரப்பட்டை தந்த பாக்லிடாக்சல் இன்றும் மார்பகப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து. ஆனால் அந்தப் பட்டையைச் சேகரித்தது 1962இல். மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1992இல். இடைப்பட்ட முப்பது ஆண்டு வேலையின் முதல் படி மட்டுமே தட்டுச் சோதனை. பழத்தோல் ஆய்வுகளில் பெரும்பாலானவை அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டு 'புற்றுநோய் எதிர்ப்பு' என்று தலைப்பு வைத்துவிடுகின்றன.

அந்த முதல் படியிலேயே வழுக்கல் உண்டு. பழத்தோலில் நிறைந்திருக்கும் பாலிஃபீனால்கள், செல்லே இல்லாத குழியிலும் எம்டிடியை ஊதாவாக்கக் கூடியவை. செத்த செல் உயிரோடிருப்பதாகத் தெரியும். அதே பாலிஃபீனால்கள் வளர்ப்பு ஊடகத்தில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கவும் செய்யும். அப்போது செல்லைக் கொன்றது மாதுளையா, பெராக்சைடா? செல் இல்லாத குழி ஒன்றையும், பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் சேர்த்த குழி ஒன்றையும் வைத்தால் தெரிந்துவிடும். வைப்பவர்கள் குறைவு.

அடுத்தது அளவு. பாதி செல்களைக் கொல்ல ஒரு மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் சாறு தேவை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து லிட்டர் ரத்தத்தில் அந்தச் செறிவு வர, ஒரு கிராம் சாறு சிதையாமல் ஒரே நேரத்தில் ரத்தத்தில் நிற்க வேண்டும். மாதுளைத் தோலின் பெருமையான புனிகலாஜின் என்ற பாலிஃபீனாலோ குடலைத் தாண்டி அப்படியே ரத்தத்துக்குப் போவதே இல்லை எனலாம். குடல் நுண்ணுயிரிகள் அதிலிருந்து யூரோலித்தின் என்ற வேறு பொருளை உண்டாக்குகின்றன. தட்டில் சோதித்தது ஒன்று, உடம்புக்குள் போவது வேறொன்று.

மனிதரிடம் சோதித்தபோது என்ன ஆனது? 2006இல் புராஸ்டேட் புற்றுநோயாளிகள் மாதுளைப் பழச்சாறு குடித்தபோது, அந்த நோயின் போக்கைக் காட்டும் ரத்தப் புரதமான பிஎஸ்ஏ இரட்டிப்பாகும் காலம் 15 மாதத்திலிருந்து 54 மாதமாக நீண்டதாக ஓர் ஆய்வு சொன்னது. அதில் ஒப்பீட்டுக்குப் போலி மருந்துக் குழு இல்லை. 2015இல் 183 பேரிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இதற்கிடையே, மாதுளைப் பழச்சாற்றை விற்ற பாம் வொண்டர்ஃபுல் நிறுவனத்தின் விளம்பரங்கள் ஏமாற்றுபவை என்று 2013இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தீர்ப்பளித்தது.

முறையாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் உள்ள லிமொனீனை, மார்பகப் புற்றுநோய் அறுவைக்குக் காத்திருந்த 43 பெண்களுக்கு அரிசோனா ஆய்வாளர்கள் தினம் 2 கிராம் கொடுத்தார்கள். அறுவையில் எடுத்த திசுவிலேயே அளந்து, லிமொனீன் அங்கே சேர்ந்திருப்பதையும், செல் பெருக்கத்தோடு தொடர்புடைய சைக்ளின் டி1 புரதம் 22 சதவீதம் குறைந்ததையும் 2013இல் காட்டினார்கள். மருந்து கிடைத்துவிட்டதென்று அவர்கள் கூவவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

கீமோ எடுப்பவர்கள் பழத்தோல் கஷாயத்தை மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்க வேண்டாம். ஆய்வு வழிகாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: நல்ல செல்களோடு ஒப்பீடு, சாற்றில் எந்தப் பொருள் எவ்வளவு என்ற கணக்கு, பெராக்சைடுக் கட்டுப்பாடு, இவை மூன்றும் இல்லாத ஆய்வேட்டின் தலைப்பில் 'புற்றுநோய் எதிர்ப்பு' என்று எழுத அனுமதிக்காதீர்கள்.