கேமரன் மலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் எழுத்தறிவு கற்பித்தலும் ஆசிரியர் பணித்திறன் மேம்பாடும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

எழுத்தறிவு கற்பித்தலில் ஆசிரியர்களுக்கு வழங்கப்படும் பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சிகளை மதிப்பிடுவோர், எத்தனை ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர், எத்தனை நாள் பெற்றனர் என்னும் வினாக்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றனர். எந்த மொழியின் எழுத்தைக் கற்பிப்பதற்காக அப்பயிற்சி வகுக்கப்பட்டது, எத்தகைய வகுப்பறையை மனத்திற்கொண்டு அது வடிவமைக்கப்பட்டது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைச் சார்ந்த தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பயிற்சி போதவில்லை என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தன்று. தமிழ் எழுத்துமுறையின் இயல்பும், அதைக் கற்கும் மாணவர் செய்யும் பிழையும் பயிற்சியின் நடுவிடத்திற்கு வரவேண்டும் என்பதே கருத்தாகும்.

தோட்டப்பள்ளியின் பின்புலம்

1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் நில அளவை செய்த இம்மலைப்பகுதியில், 1929ஆம் ஆண்டு ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்க வந்த தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக எழுந்தவையே இங்குள்ள தோட்டப்பள்ளிகள். போ 1, போ 2, சுங்கை பாலாஸ், புளூவேலி எனத் தோட்டங்களின் பெயர்களையே இப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மேல் சுமத்தியது. பள்ளி இருக்கவேண்டும் என்று கூறிய அக்காலச் சூழலில் ஆசிரியரின் தகுதி பெரிதாகக் கருதப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பது மலாயாத் தோட்டங்களில் பரவலாகக் காணப்பட்ட நிலையாகும்.

இன்றைய நிலை முற்றிலும் வேறானது. தோட்டப்பள்ளி ஆசிரியர் முறையான கல்வியும் தகுதியும் பெற்றவர். ஆயினும் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்ததாலும், தோட்ட வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெருமளவில் அமர்த்தப்பட்டதாலும் இத்தகைய பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துள்ளது. 150 மாணவர்க்கு மிகாத பள்ளிகளைக் குறைந்த மாணவர் கொண்ட பள்ளிகள் எனக் கல்வி அமைச்சு வகைப்படுத்துகிறது. மாணவர் எண்ணிக்கை மிகக் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே ஆசிரியர் ஒரே அறையில் கற்பிக்கும் கூட்டு வகுப்புமுறையும் நடைமுறையில் உண்டு.

இச்சூழலில் ஒரு மாணவரின் எழுத்தறிவு தனிப்பொருள் பெறுகிறது. ஐந்து மாணவர் கொண்ட முதலாம் ஆண்டில் ஒருவர் வாசிக்கக் கற்கவில்லை எனில், வகுப்பில் ஐந்தில் ஒரு பங்கினர் கற்கவில்லை என்பது பொருள். அதனைக் காணும் பெற்றோர் அடுத்த பிள்ளையை வேறு பள்ளியில் சேர்க்க எண்ணினால், பள்ளியின் நிலைபேறே கேள்விக்குள்ளாகும். ஆகவே, தோட்டப்பள்ளியில் தொடக்கநிலை வாசிப்பைக் கற்பிக்கும் ஆசிரியரின் திறன் அப்பள்ளியின் எதிர்காலத்தோடும் பிணைந்துள்ளது எனலாம்.

அளவுகோலும் எழுத்துமுறையும்

மலேசியாவில் அண்மைக் காலத்தில் மேற்கொள்ளப்பட்ட எழுத்தறிவு முயற்சிகளுள் பெரியது 2010ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லினுஸ் திட்டமாகும். தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் மாணவர் அனைவரும் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் பெறவேண்டும் என்பது அதன் இலக்கு. 2013ஆம் ஆண்டு ஆங்கில எழுத்தறிவும் அதில் சேர்க்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு அத்திட்டம் கைவிடப்பட்டது. அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. வகுப்பின் பின்வரிசையில் கவனிப்பாரற்று அமர்ந்திருந்த மாணவரைப் பெயர் சொல்லிக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை அது வலுப்படுத்தியது.

எனினும், அதன் மலாய்மொழி அளவுகோல் எவ்வாறு அமைந்தது என்பது நோக்கத்தக்கது. அது 12 கூறுகளைக் கொண்டது. உயிர், மெய் எழுத்துகளின் பெயரை அறிதலில் தொடங்கி, திறந்த அசை, மூடிய அசை, ஈருயிரொலி, இரட்டை மெய்யெழுத்து, ஒட்டுகள் கொண்ட சொல் என வளர்ந்து, வாக்கியத்திலும் பத்தியைப் புரிந்துகொள்வதிலும் முடியும். உரோமன் எழுத்தில் எழுதப்படும் மலாய்மொழிக்கு இவ்வரிசை மிகப் பொருத்தமானது. அங்கு எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே இடமிருந்து வலமாக நிற்கின்றன. எழுத்துகளை அடுக்கினால் அசை பிறக்கும். அசைகளை அடுக்கினால் சொல் பிறக்கும்.

தமிழ் எழுத்துமுறை இவ்வாறு இயங்குவதில்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளைக் கொண்ட இம்முறையில் மாணவர் முதன்மையாகக் கையாளும் அலகு உயிர்மெய்யாகும். இம்மலையின் வாழ்வோடு ஒன்றிய 'தேயிலை' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். முதலெழுத்தில் தகர மெய்யொலி முதலில் கேட்கிறது. ஆனால் ஏகாரக் குறியே முதலில் எழுதப்படுகிறது. ஈற்றெழுத்தில் லகரம் முதலில் ஒலிக்க, ஐகாரக் குறி அதற்கு முன்னே நிற்கிறது. நடுவெழுத்தில் இகரக் குறி யகரத்தோடு இணைந்து மேலெழுகிறது. மூன்றெழுத்துச் சொல்லில் இரண்டு இடங்களில் கேட்கும் வரிசையும் எழுதும் வரிசையும் முரண்படுகின்றன. மலாய்மொழியில் தேநீரைக் குறிக்கும் சொல்லும் மூன்றெழுத்துச் சொல்லே. அதில் இம்முரண் ஓரிடத்திலும் இல்லை.

மேலும், தோட்டப்பள்ளி மாணவர் முதலாம் ஆண்டிலேயே தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் வாசிக்கத் தொடங்குகிறார். உரோமன் எழுத்து ஒன்றே மலாய்மொழியில் ஒருவாறும் ஆங்கிலத்தில் வேறொருவாறும் ஒலிக்கும். இவற்றோடு தமிழ் எழுத்தையும் அவர் கற்கவேண்டும். கன்னட எழுத்தைக் கற்கும் மாணவர் குறித்துச் சோனாலி நாக் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் அமைப்புடைய எழுத்துமுறைகளில் எழுத்துகளை முழுமையாகக் கற்பதற்குப் பல ஆண்டுகள் தேவைப்படுவதைக் காட்டியது. முதலாம் ஆண்டின் இறுதியில் தமிழெழுத்து முழுவதையும் அறியாத மாணவரைப் பின்தங்கியவர் என உடனே முடிவுகட்டுதல் பொருந்தாது என்பதை இதன்வழி உணரலாம்.

ஆகவே, மலாய்மொழிக்கென வகுக்கப்பட்ட கூறுகளை மொழிபெயர்த்துத் தமிழ் கற்பித்தலுக்கு அளவுகோலாக்கினால், ஆசிரியர் பார்க்கவேண்டிய இடத்தை அது மறைத்துவிடும். குறிகளின் இடமாற்றம், உகர ஊகாரங்களின் வடிவ வேறுபாடு ஆகிய தமிழுக்கே உரிய இடர்ப்பாடுகளுக்கு அக்கூறுகளில் இடமில்லை.

பிழையைப் படித்தல்

எழுத்தறிவு கற்பிக்கும் ஆசிரியருக்கு இன்றியமையாத திறன் யாது? மாணவரின் பிழை எதனால் விளைந்தது என்று அறியும் திறனே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஒரு மாணவர் 'கொழுந்து' என்னும் சொல்லைக் 'கெளுந்து' என எழுதுகிறார் எனக் கொள்வோம். திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு கோடிட்டுச் சரியான சொல்லை ஐந்து முறை எழுதச் சொல்லலாம். ஆனால், அச்சொல்லில் இரு வேறு பிழைகள் உள்ளன. ஒகரக் குறியின் பின்பகுதியை விட்டது எழுத்து வடிவம் பற்றிய பிழை. ஓர் ஒலிக்கான குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கும் என்பதை அம்மாணவர் இன்னும் உள்வாங்கவில்லை. ழகரத்திற்கு ளகரம் எழுதியதோ வடிவப் பிழையன்று. வீட்டில் கேட்கும் ஒலிப்பை அவர் உண்மையாகவே எழுத்தில் பதிந்துள்ளார். முதற்பிழைக்கு எழுத்தட்டைகளைப் பிரித்தும் சேர்த்தும் காட்டும் பயிற்சி உதவும். இரண்டாவதற்கு ஒலித்துக் காட்டுதலும், கேட்டு வேறுபாடு உணர்தலும் வேண்டும். ஐந்து முறை எழுதுதல் இவ்விரண்டுக்கும் மருந்தாகாது.

இதே மாணவர் 'தேயிலை' என்பதைத் 'தேயில' என எழுதக்கூடும். சொல்லிறுதி ஐகாரம் பேச்சில் குறுகி அகரமாகவோ எகரமாகவோ ஒலிப்பது தமிழர் பலரின் வழக்கு. இங்கு மாணவர் கற்கவேண்டியது எழுத்தன்று. பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் இடையிலான உறவையே அவர் கற்கவேண்டும். வீட்டுமொழியைப் பிழையெனக் கண்டிக்கும் ஆசிரியரிடம் அவ்வுறவு தெளிவாவதில்லை. 'நாம் இப்படிச் சொல்வோம், இப்படி எழுதுவோம்' என இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டும் ஆசிரியரிடமே அது தெளிவாகிறது. அம்மாணவரின் தாத்தா பாட்டி பள்ளியில் கற்ற 'லை' வடிவம்கூட இன்றைய வடிவத்தினின்று வேறானது. 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டில் ஏற்கப்பட்ட எழுத்துச் சீர்திருத்தத்தைப் பின்னர் மலேசியப் பாடநூல்களும் பின்பற்றியதே காரணம். வீட்டில் முதியோர் எழுதிக் காட்டும் வடிவமும் பள்ளி வடிவமும் மாறுபடும்போது மாணவர் குழம்புவதை ஆசிரியர் எதிர்பார்க்கவேண்டும்.

இத்தகைய நுண்ணறிவு பட்டப்படிப்பினால் மட்டும் வருவதன்று. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை முறையாகக் கற்ற ஆசிரியரும், ஆறு வயது மாணவர் ஏன் குறியை மாற்றி எழுதுகிறார் என்னும் வினாவின்முன் திகைக்கக்கூடும். இலக்கண அறிவைப் பிழையறியும் கருவியாக மாற்றித் தருவதே பணியிடைப் பயிற்சியின் கடமையாகும்.

பயிற்சியின் வடிவம்

பயிற்சியின் உள்ளடக்கத்தைப் போன்றே அதன் வடிவமும் மதிப்பீட்டுக்குரியது. அரசு ஊழியர் ஆண்டுக்கு 7 நாள் பயிற்சி பெறவேண்டும் என 2005ஆம் ஆண்டுச் சேவைச் சுற்றறிக்கை ஒன்று வகுத்தது. பயிற்சியை உரிமையாகவும் கடமையாகவும் ஆக்கியது அதன் சிறப்பு. ஆனால், நாளை அளவாகக் கொள்ளும் முறை, வகுப்பறையில் என்ன மாறியது என்னும் வினாவைப் பின்னுக்குத் தள்ளிவிடும். முதன்மைப் பயிற்றுநர் சிலருக்குக் கற்பித்து, அவர்வழி மாவட்டப் பயிற்றுநருக்கும், அவர்வழி ஆசிரியருக்கும் கொண்டுசேர்க்கும் படிநிலைப் பயிற்சியிலும் இக்குறை உண்டு. மேலிருந்து கீழே வரும்போது விளக்கங்கள் உதிர்ந்து, படிவங்களும் படவில்லைகளும் மட்டுமே எஞ்சுகின்றன.

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் ஆகியோர் 1980ஆம் ஆண்டு முதல் எழுதிய ஆய்வுகளில், கோட்பாட்டு விளக்கம், செய்துகாட்டல், பயின்றுபார்த்தல், பின்னூட்டம் ஆகியவற்றோடு வகுப்பறையிலேயே தொடரும் வழிகாட்டலும் சேரும்போதுதான் புதிய முறை ஆசிரியரின் பழக்கமாகிறது என வற்புறுத்தினர். ஆசிரியரின் நம்பிக்கை முதலில் மாறிப் பின் நடைமுறை மாறுவதில்லை. தம் மாணவரிடம் விளைவைக் கண்டபின்னரே நம்பிக்கை மாறுகிறது எனத் தாமஸ் கஸ்கி 1986ஆம் ஆண்டு வாதிட்டார். இவ்விரு கருத்துகளும் பயிற்சி நிகழவேண்டிய இடம் வகுப்பறையே என்பதை உணர்த்துகின்றன.

மலேசியக் கல்விப் பெருந்திட்டம் 2013–2025 இதனை உணர்ந்தே, பள்ளிக்குச் சென்று ஆசிரியருக்கு வழிகாட்டும் முழுநேரப் பயிற்றுநர்களை மாவட்டக் கல்வி அலுவலகங்களில் அமர்த்த வழிசெய்தது. கோட்பாட்டளவில் இது பாராட்டத்தக்க மாற்றம். ஆனால், அவ்வழிகாட்டல் மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம் ஆகிய மூன்று பாடங்களை முன்னிறுத்தியே தொடங்கியது. தமிழ்ப்பள்ளியில் எழுத்தறிவின் அடித்தளமாகிய தமிழ் அம்முன்னுரிமையில் இடம்பெறவில்லை. ஆறு வயது மாணவர் வீட்டில் பேசும் மொழியில் வாசிப்பு வேரூன்றினால் பிற மொழி வாசிப்பும் எளிதாகும் என்பதை ஏற்போமாயின், இவ்விடுபாடு தமிழ்ப்பாடத்திற்கு மட்டுமன்றி ஏனைய பாடங்களுக்கும் இழப்பேயாகும்.

தோட்டப்பள்ளிக்கு மேலும் ஒரு தடை உண்டு. பகாங்கின் தலைநகராகிய குவாந்தான் கிழக்குக் கரையில் உள்ளது. கேமரன் மலையோ மாநிலத்தின் வடமேற்கு மூலையில் பேரா எல்லையை ஒட்டியுள்ளது. ஆசிரியர் ஒருநாள் பயிற்சிக்கு மலையிறங்கினால் பயணமே பெரும்பொழுதை விழுங்கிவிடும். ஆசிரியர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் ஒருவர் வராதபோது அவர் வகுப்பை மற்றொருவர் தம் வகுப்போடு சேர்த்து நடத்தவேண்டியுள்ளது. மாணவர் கற்றலை உயர்த்தும் பயிற்சியே மாணவரின் கற்றல் நாளைக் குறைக்கிறது. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக்குப்பின் பரவிய இணையவழிப் பயிற்சி பயணத்தைத் தவிர்த்தது உண்மையே. எனினும், மாணவரின் வாய்வாசிப்பை அருகிருந்து கேட்டு ஆசிரியருக்கு வழிகாட்டும் பணியை அது முழுமையாக ஈடுசெய்ய இயலாது.

பிற நாட்டு அனுபவங்கள்

தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றல் முறை இங்கு ஒப்பிடத்தக்கது. ஆந்திரத்தின் ரிஷிவேலி சிற்றூர்ப் பள்ளிகளில் பல வகுப்பு மாணவர் ஒன்றாகக் கற்கும் சூழலுக்கென உருவான முறையைத் தழுவி, 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கப்பட்டு, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் அது விரிவாக்கப்பட்டது. கற்றல் அட்டைகளையும் ஏணிப்படிகளையும் கொண்டு ஒவ்வொரு மாணவரும் தத்தம் வேகத்தில் முன்னேறுவர். கூட்டு வகுப்பு நடத்தும் கேமரன் மலை ஆசிரியருக்கு இதில் கற்க நிறைய உண்டு. எனினும், அட்டை வரிசையை நடத்துபவராக மட்டும் ஆசிரியர் சுருங்கும் இடர் இதில் உள்ளது. அட்டை மாணவரின் நிலையைக் காட்டும். அவர் ஏன் அங்கு நின்றார் என்பதை ஆசிரியரே அறியவேண்டும்.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு வெளிவந்த தமிழ்க் கலைத்திட்ட மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடமளித்தது. இதன் பயன் வாய்மொழிப் பாடத்தோடு நிற்கவேண்டியதில்லை. வீட்டுப் பேச்சிலிருந்து எழுத்துக்குச் செல்லும் வழியை ஆசிரியருக்குக் கற்பிக்கவும் அந்நோக்கு துணைபுரியும்.

முடிவுரை

இம்மதிப்பீட்டின் அடிப்படையில் மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, தமிழெழுத்தின் இயல்புக்கேற்ற பிழை வகைப்பாடு ஒன்றைப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் ஆசிரியர் கல்விக் கழகங்களும் இணைந்து உருவாக்கவேண்டும். இரண்டாவது, மலைப்பள்ளி ஆசிரியர்கள் தானா ராத்தா போன்ற ஓரிடத்தில் திங்களுக்கு ஒருமுறை பாடவேளைக்குப்பின் கூடி, தம் மாணவரின் எழுத்தேடுகளையே பாடமாகக் கொண்டு கலந்துரையாட வழிசெய்யவேண்டும். அறிமுகம் இல்லாத எடுத்துக்காட்டுகளைக்காட்டிலும் தம் வகுப்பு மாணவரின் ஒரு பக்கம் ஆசிரியருக்கு அதிகம் கற்பிக்கும். மூன்றாவது, தமிழெழுத்தறிவில் வல்ல வழிகாட்டி ஒருவர் ஓராண்டுக் காலமேனும் இப்பள்ளிகளுக்குத் தொடர்ந்து சென்று, வகுப்பில் அமர்ந்து, செய்துகாட்டி, பின் விலகி நிற்கவேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. நேரமும் தொடர்ச்சியும் தேவை. 2027ஆம் ஆண்டுக்கென அறிவிக்கப்பட்ட புதிய பள்ளிக் கலைத்திட்டம் மீண்டும் ஒரு பயிற்சிச் சுற்றைக் கொண்டுவரும். அச்சுற்றும் மலாய்மொழிக் கூறுகளைத் தமிழாக்கித் தருவதோடு முடியுமானால், தோட்டப்பள்ளி ஆசிரியர் மேலும் ஒரு சான்றிதழைப் பெறுவார். 'தேயில' என எழுதும் மாணவர் அங்கேயே நிற்பார். அம்மாணவரின் எழுத்தேட்டைப் படிக்க ஆசிரியருக்குத் துணைநிற்பது தமிழ்க் கல்வியாளர் நம் அனைவரின் கடமையாகும்.