90 டிகிரி: மந்திரமா, கணக்கா?

இரட்டை சிலிண்டர் மாதிரி நீராவி எஞ்சின் செய்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "ரெண்டு கிராங்கையும் 90 டிகிரியில வை, அவ்வளவுதான்." பதில் தப்பில்லை. ஆனால் காரணத்தை விட்டுவிட்டு விதியை மட்டும் கைமாற்றுவது உறுத்துகிறது. காரணம் தெரியாதவர் தேவையில்லாத இடத்தில் மெனக்கெடுவார், தேவையான இடத்தில் கோட்டை விடுவார்.

பிஸ்டன் ஓட்டத்தின் இரு முனைகளிலும் கிராங்கும் கனெக்டிங் ராடும் ஒரே கோட்டில் வந்துவிடும். அங்கே எவ்வளவு நீராவி கொடுத்தாலும் சுழற்றும் விசை பூஜ்யம். கொலுவில் ஓடவிடுகிற சின்ன எஞ்சினுக்கு ஃப்ளைவீல் இருக்கும். விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை யார் தட்டுவது? கல்லாறு–குன்னூர் பற்சட்டப் பாதையில் 12-க்கு 1 ஏற்றம். வழியில் ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க நிற்கும். கிராங்க் எந்த நிலையில் நின்றதோ, அங்கிருந்தே கிளம்பியாக வேண்டும். அதில் சாதாரணச் சக்கரங்களுக்கு ஒரு ஜோடி சிலிண்டர், பற்சக்கரங்களுக்கு இன்னொரு ஜோடி. ஜோடியாக இருப்பது சும்மா இல்லை.

இப்போது கணக்கு. பிஸ்டனின் இருபக்கமும் நீராவி தள்ளுகிறது, ஓட்டம் முழுக்க உள்ளே வருகிறது, ராடு போதிய நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் உச்ச விசை 1 என்றால், 180 டிகிரியில் மொத்த விசை 0-க்கும் 2-க்கும் நடுவே அலையும். 90-இல் 1 முதல் 1.41 வரைதான். சராசரி இரண்டிலும் அதே 1.27. ஆக 90 கூடுதல் சக்தி எதையும் தருவதில்லை, முட்டிக்கொண்டு நிற்கும் இடத்தை நீக்குகிறது.

இன்னொன்று: மிக மோசமான நிலையில் கிடைக்கும் விசை, அந்தக் கோணத்தின் சைன் மதிப்பு. 85 டிகிரி வைத்தால் 0.996. நஷ்டம் வெறும் 0.4 சதவீதம்! ஒரு டிகிரி பிசகியதற்காக நல்ல அச்சைக் கழற்றிப் போட வேண்டியதே இல்லை. சக்கரங்களை ராடால் இணைத்த லோகோ மாதிரியில் கவனிக்க வேண்டியது வேறு. எல்லா அச்சிலும் அதே கோணம் இருக்கணும். ஒன்றில் 90, அடுத்ததில் 88 என்றால் ராடு இறுகிப் பிடிக்கும். ஒரே ஜிக்கில் எல்லாவற்றையும் பொருத்துங்கள். அது 89 காட்டினாலும் பரவாயில்லை. எக்சென்ட்ரிக்கை மட்டும் அந்தந்த சிலிண்டரின் கிராங்கை வைத்தே அளந்து பொருத்துங்கள்.

விதி அடியோடு சறுக்குவது, ஒருபக்கம் மட்டும் நீராவி தள்ளும் எஞ்சினில். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு சிலிண்டரை அதில் 90-இல் வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் கால் சுற்றுக்குத் தள்ள ஆளே இல்லை. 180 வைத்தால் இரண்டு புள்ளிகளில் மட்டும்தான் அந்தச் சிக்கல். தானாகவே கிளம்பணும்னா மூன்று சிலிண்டர், 120 டிகிரி. இது தெரியாமல் பாய்லரையும் கசிவையும் திட்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

புதிதாகக் கற்றுக்கொள்பவரிடம் "90 வை" என்று சொல்வதற்கு முன், "எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் கிளம்புமா?" என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள். கோணத்தை அவரே கண்டுபிடித்துவிடுவார்.